ஷிஃப்ட் வீட்டில் ஒரு ஃப்ரீலான்ஸ் மேசை

ஓசூரில் புதிதாகக் குடிவந்தவரிடம் பக்கத்து வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" இரண்டாவது, "இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?" 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வரிசைகட்டின. அன்று தொடங்கி ஊரின் சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், கோயிலுக்குப் போகும் நேரம் எல்லாம் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தே முடிவாகின்றன.

அந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாதவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பெங்களூரு ஏஜென்சிக்கு லோகோவும் பேக்கேஜிங்கும் வடிவமைப்பவர், கல்யாண ஆல்பம் செய்பவர், வீடியோ எடிட்டர், ஆலைகளின் பாதுகாப்புப் பயிற்சிப் படங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் குரல் கொடுப்பவர், மொழிபெயர்ப்பாளர். வேலை வீட்டில், கிளையண்ட் வெளியூரில். அந்த வீட்டில் ஒரு சின்னக் குழந்தையும் இருந்துவிட்டால் ஊரார் கண்ணுக்கு இவர் 'வீட்டில் சும்மா இருப்பவர்'. "வீட்லதானே இருக்க, கேஸ் வந்தா வாங்கி வெச்சிடு" என்பதில் தொடங்கி, மாமியாரின் பல் டாக்டர் வரை எல்லாமே இவர் தலையில் விழும். பஸ் ஏறிப் போகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை, ஏனென்றால் அவருக்கு ஷிஃப்ட் இருக்கிறது.

ஆகவே, ஃப்ரீலான்ஸ் வேலைக்கும் ஒரு ஷிஃப்ட் வேண்டும். அது மனதில் இருந்தால் போதாது. கணவன் அல்லது மனைவியின் ஷிஃப்ட் எழுதியிருக்கும் அதே காகிதத்தில், அதே பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் காகிதத்தைப் பற்றியது.

சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். மூன்று நிறப் பேனா. முதல் நிறத்தில் கம்பெனி ஷிஃப்ட்: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு என்று வாரம் சுழலும் வழக்கமான அட்டவணை. இரண்டாவது நிறத்தில் பள்ளி: வேன் வரும் நேரம், தேர்வு, விடுமுறை, பெற்றோர் கூட்டம். மூன்றாவது நிறத்தில் ஃப்ரீலான்ஸ் மணிகள். முதல் இரண்டையும் எழுதிவிட்டுப் பார்த்தால், மூன்றாவதுக்கு ஒவ்வொரு வாரமும் வேறு வேறு இடம்தான் மிச்சம் இருப்பது தெரியும். தினமும் பத்து மணிக்கு உட்கார வேண்டும் என்ற ஒழுங்கு இந்த ஊரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடைந்துகொண்டே இருக்கும். அது சோம்பேறித்தனத்தால் உடைவதில்லை, அட்டவணையால் உடைகிறது.

நைட் ஷிஃப்ட் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். மூக்கண்டப்பள்ளியிலோ தர்கா பக்கத்திலோ ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு. ஏழு மணிக்குக் கணவர் வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு எட்டுக்குப் படுக்கிறார். குழந்தை எட்டரைக்கு வேனில் போகிறது. வீடு அமைதி. ஆனால் கம்ப்யூட்டர் இருப்பது படுக்கையறையில். ஜன்னலில் போர்வை தொங்குகிறது, ஃபேன் ஓடுகிறது, மானிட்டர் வெளிச்சம் அவர் முகத்தில் அடிக்கிறது. இரண்டு மணி வரை அந்த மேசை இருந்தும் இல்லாததுதான். குரல் பதிவு செய்கிறவர் என்றால் வாயே திறக்க முடியாது.

இதற்குத் தீர்வு மேசையை ஹாலுக்கு மாற்றுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். "ஹால்ல கம்ப்யூட்டர் இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்பதற்காகவே பல வீடுகளில் அது நடக்காது. வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு முறை வருவார்கள், நைட் ஷிஃப்ட் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்தாறு நாள் வரும். கணக்கைப் பார்த்து முடிவெடுக்கலாம். குரல் பதிவையும் கிளையண்டுடன் நீண்ட பேச்சையும் காலை ஷிஃப்ட் வாரத்துக்குத் தள்ளிவிட்டு, நைட் ஷிஃப்ட் வாரத்தில் சத்தமில்லாத வேலையை மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி.

அதிகாலையில் எழுந்து வேலை செய்யுங்கள் என்று உலகம் முழுக்க அறிவுரை உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியும் முன் எழுதிய கதை பிரபலம். அவருடைய முதல் நாவல் 1970-ல் வந்தது. பின்னாளில் நோபல் பரிசும் வந்தது. நல்ல முன்மாதிரிதான். ஆனால் ஓசூரில் காலை ஷிஃப்ட் வாரத்தில் விடியற்காலை அமைதி என்று ஒன்று கிடையாது, நாலரைக்கே குக்கர் விசிலடித்துவிடும். அதிகாலை நேரம் வேண்டுமென்றால் அது மற்ற இரண்டு வாரங்களில்தான் கிடைக்கும்.

நம் பக்கத்து உதாரணம் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-ல் விட்டபின் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர், மூன்று மகன்களின் தந்தை. வீட்டில் இடம் போதாமல் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் என்பதை அவர் வாசகர்கள் அறிவார்கள். 1973-ல் அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் பயிலரங்குக்குப் போனதும், 1996-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றதும் அதன் பிறகான கதை. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் யாரோ ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டதால்தான் இன்னொருவர் பூங்காவுக்குப் போக முடிந்தது. ஓசூரில் வாடகைக்கு இருக்கும் பல குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டி தர்மபுரியிலோ மதுரையிலோ நெல்லையிலோ இருக்கிறார்கள். பூங்காவுக்குப் போகும் வசதி இங்கே ஷிஃப்ட் மாற்றத்தில்தான் பிறக்க வேண்டும். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவர் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, நாலரை முதல் ஏழரை வரை குழந்தையை முழுதாக ஏற்றுக்கொண்டால், அந்த வாரத்தில் ஐந்து நாள் மூன்று மணி நேரம் கிடைத்துவிடுகிறது. 'முழுதாக' என்பதில் ஹோம்வொர்க், பால், சண்டை, அழுகை எல்லாம் அடக்கம்.

மாதச் சம்பளத்தில் இருந்தபடியே எழுதுவது ஓசூரில் ஏற்கனவே உள்ள வழி. கவிஞரும் சிறுகதையாளருமான ஆதவன் தீட்சண்யா இந்த ஊரில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபடி எழுதியவர், 'புதுவிசை' இதழை நடத்தியவர். வீட்டில் ஒருவருக்காவது நிலையான சம்பளம் வரும்வரை ஃப்ரீலான்ஸில் முழுதாகக் குதிக்க வேண்டாம் என்பதே இந்த நூலின் கருத்து. இருவருமே ஃப்ரீலான்ஸ், குழந்தைக்கு இரண்டு வயது என்ற நிலை துணிச்சலாகத் தெரியலாம், ஜுரம் வரும் மாதத்தில் அப்படித் தெரியாது.

எப்போதும் பெண்தான் வீட்டில், ஆண்தான் ஆலையில் என்ற கணக்கும் இங்கே மாறிவருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போச்சம்பள்ளியில் ஓலா தன் மின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்தது. மனைவி கம்பெனி பஸ்ஸில் போக, கணவன் வீட்டில் எடிட்டிங் செய்துகொண்டு குழந்தைக்குச் சோறூட்டும் வீடுகள் உண்டு. "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்ற உறவினர் கேள்விக்கு விசிட்டிங் கார்டு ஒன்று அடித்து வைத்துக்கொள்வது மலிவான மருந்து. பெயருக்குக் கீழே தொழில் அச்சாகியிருந்தால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

இனி எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று பார்ப்போம். வேன் எட்டரைக்குப் போய் நாலுக்குத் திரும்புகிறது, ஏழரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்து வேலையை ஒப்புக்கொள்கிறவர்கள்தான் இரவு ஒரு மணிக்குக் கண் எரிய உட்கார்ந்திருக்கிறார்கள். துணி, பாத்திரம், கடை, மதியச் சாப்பாடு போக மிஞ்சுவது நாலு மணி நேரம். வாரம் ஐந்து நாளுக்கு 20, மாதத்துக்கு 80. அதில் கால் பங்கு போனிலும் கொட்டேஷனிலும் பில் துரத்துவதிலும் போகும். கையில் நிற்பது 60. மாதம் 30,000 ரூபாய் வீட்டுக்கு வர வேண்டும், இன்டர்நெட், சாஃப்ட்வேர், மின்சாரம், அடுத்த கம்ப்யூட்டருக்கான சேமிப்பு என்று 6,000 செலவு என்றால், மணிக்கு 600 ரூபாய். பத்து மணி நேரம் பிடிக்கும் புரோஷரை 2,500-க்கு ஒப்புக்கொண்டால் ஆறு மணி நேரம் இலவசம். அந்த ஆறு மணி நேரத்தைக் கொடுப்பது குழந்தைதான். இரண்டு கரெக்ஷன் வரை இந்தத் தொகை, மூன்றாவதுக்குத் தனி என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும்போது இந்த 60 மணியும் வராது. அது தூங்கும் நேரம்தான் வேலை நேரம், அதுவும் துண்டு துண்டாக. அந்தக் காலத்தில் பெரிய புராஜெக்ட் எடுக்காமல், ஒரே அமர்வில் முடியும் சின்ன வேலைகளை எடுப்பது உத்தமம். இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடி உண்டு, மதியச் சாப்பாட்டுடன் இலவசம். நடுத்தரக் குடும்பங்கள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் நட்டமில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய இந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலைச் சமையலில் மிச்சமாகும் அரை மணி நேரம் ஃப்ரீலான்ஸ் வீட்டில் சின்ன விஷயம் அல்ல.

கிளையண்ட் கூப்பிடும்போது குழந்தை கையில் போனைக் கொடுத்துச் சமாளிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. கால் வரும்போது மட்டும் திறக்கும் ஒரு டப்பா இதற்கு உதவும். பழைய வளையல், ஸ்டிக்கர், கலர் டேப், மூடி போட்ட குட்டி பாட்டில்கள். மற்ற நேரத்தில் அது அலமாரியின் மேல் தட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றே நாளில் மவுசு போய்விடும். வீட்டில் குழந்தை இருப்பதைக் கிளையண்டிடம் மறைக்கவும் தேவையில்லை. "நாலு மணிக்கு மேல் பேச முடியாது, குழந்தை வந்துவிடும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவது பின்னால் வரும் பத்து மன்னிப்புகளை மிச்சப்படுத்தும்.

எல்லையோர ஊருக்கு இன்னொரு தொல்லையும் இன்னொரு சலுகையும் உண்டு. பள்ளிக்கூடம் தமிழ்நாட்டுக் காலண்டரில், கிளையண்ட் கர்நாடகக் காலண்டரில். பொங்கலுக்கு இங்கே பிள்ளைகள் தொடர்ச்சியாகப் பல நாள் வீட்டில் இருப்பார்கள். பெங்களூரு அலுவலகம் சங்கராந்தி ஒரு நாள் மூடிவிட்டு மறுநாள் மெயில் அனுப்ப ஆரம்பித்துவிடும். டிசம்பர் மாதமே சொல்லிவைக்க வேண்டிய விடுமுறை இது. எதிர்த்திசையில், நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். கிளையண்டுக்கு விடுமுறை, பிள்ளைக்கு வார நாளில் வந்தால் பள்ளி. போன் அடிக்காத முழு நாள் அது. தசரா நேரத்திலும் அங்கே வேகம் குறையும்.

காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் எல்லை தாண்டும் சந்திப்பே வைக்கக் கூடாது. 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்று தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்றன. மற்ற நாட்களில் நேரில் போவது முன்பைவிடச் சுலபம். 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அத்திப்பள்ளி தாண்டி அங்கே வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறினால் சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் போகலாம். பதினொரு மணிக்குச் சந்திப்பு வைத்தால் வேன் திரும்பும் முன் வீடு வந்து சேர வாய்ப்புண்டு. மூன்று மணிக்கு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தொழில்வாரியாகவும் ஆண்டின் நெருக்கம் மாறும். மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம். அதையொட்டிய வாரம் முழுக்க ஆலைகளில் போஸ்டரும் பேனரும் போட்டிகளும் இருக்கும், எனவே பிப்ரவரியிலேயே டிசைனர்களுக்கு வேலை குவியும். அது முடிவதற்குள் நிதியாண்டு இறுதி. அதே மாதத்தில் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் மார்ச் மாதத்துக்கு வரும் வேலையில் பாதியை ஜனவரியிலேயே வேறொருவருடன் பங்குபோட்டுவிடுவது நல்லது.

கல்யாணப் படக்காரருக்குக் கணக்கு வேறு. ஆடியில் தமிழ் வீடுகளில் கல்யாணம் இல்லை. தெலுங்கு, கன்னட வீடுகளில் ஆஷாட மாதம் ஜூன் கடைசி வாக்கிலேயே தொடங்கிவிடும், ஆடி முடியும் முன்பே சிராவண முகூர்த்தங்களும் வந்துவிடும். ஓசூரில் இந்த மூன்று மொழிக்காரர்களும் கிளையண்டுகள் என்பதால், இரண்டும் ஒன்றாக விழும் ஜூலைப் பிற்பகுதிதான் உண்மையான ஓய்வு. ஆனால் அப்போது பள்ளி நடக்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போக மார்கழிதான் சரி, அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான். மே மாதத்தில் பிள்ளைகளுக்கு லீவு, ஆனால் முகூர்த்தம் நெருக்கும். அந்த மாதம் தாத்தா பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் மாதம்.

மருத்துவச் செலவில் பல குடும்பங்கள் கவனிக்காமல் விடும் ஓட்டை ஒன்று உண்டு. ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கென்று ஈஎஸ்ஐ இல்லை. துணைவரின் ஈஎஸ்ஐ வழியாகத்தான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதச் சந்தா காலத்தோடு சந்தா நின்றுவிடும், பிறகு அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில் இது மறந்துவிடுகிறது. அது போவதற்குள் குடும்பக் காப்பீடு ஒன்று எடுத்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிரசவ விடுப்பிலும் இதே ஓட்டை உண்டு. ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 2017 திருத்தத்திலிருந்து. ஃப்ரீலான்ஸ் பெண்ணுக்கு அவரே சேர்த்து வைத்ததுதான் விடுப்பு. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தாய்மையைத் திட்டமிடுங்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

கடைசியாக, வர வேண்டிய பணம். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு ஏப்ரல் முதல் வாரமே பில் போய்விட வேண்டும், ஏனென்றால் கம்பெனிகள் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுப்பது வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வீட்டு மேசையில் உட்கார்ந்து டிசைன் செய்பவரும் அரசின் 'உத்யம்' தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்யலாம்.

புகார் கொடுக்க 'சமாதான்' தளம் இருக்கிறது. புகாருக்குப் பிறகு அந்தக் கிளையண்ட் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதைவிடப் பயனுள்ளது, பில்லின் தலைப்பிலேயே உத்யம் பதிவு எண்ணை அச்சிடுவது. கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமானவரி விதி வந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவே பில்லை முன்னால் நகர்த்தும். பெங்களூரு கிளையண்ட் ஜிஎஸ்டி எண் கேட்டால் பதற வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, வெளிமாநிலத்துக்குச் செய்யும் வேலைக்கும் அந்தப் பதிவு கட்டாயம் இல்லை. கிளையண்ட் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தால் அது பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

உத்யம் பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல. அடுத்த பில் அனுப்புவதற்கு முன் இந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.